நனைந்த நெற்றி

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயில் முதலில் பெயர், அடுத்து வயது, பிறகு நேரம் என்று சீட்டில் எழுதி ஒட்டுவது என் வேலை. ஒருவர் ரத்தம் இன்னொருவருடையது ஆகிவிடக் கூடாது. இன்று ஈரக் கம்பளியோடு ஒரு பெரியவர் பரிசோதனைக்கு வந்தார். அந்த வாடை என்னைக் கொல்லிமலை பஸ்ஸுக்குள் கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்கு ஐந்து வயது, தங்கை செல்விக்கு நான்கு. கோயிலில் இருவருக்கும் மொட்டை போட்ட வாரம் அவளுக்குக் கடும் காய்ச்சல். விடியற்காலை பஸ்ஸில் அடிவார ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். குளிருக்காக அம்மா எங்கள் இருவரையும் ஒரே கம்பளியில் தலையோடு சுற்றி மடியில் கிடத்திக்கொண்டாள். செல்வியின் சூட்டில் நான் வியர்த்துத் தூங்கிப்போனேன்.

மலையிறக்கம் தொடங்கும் முன் அம்மா கம்பளிக்குள் கைவிட்டு ஒரு மொட்டைத் தலையைத் தடவினாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு வேர்த்துருச்சுங்க. காய்ச்சல் உட்டுருச்சு."

"அப்பறம் எதுக்கு அத்தன வளைவும் எறங்கி வாந்தி எடுக்கோணும்? ஊட்டுக்கே போலாம்" என்றார் அப்பா.

இறங்கினோம். பஸ் போன பிறகு கம்பளியைப் பிரித்தபோதுதான் நனைந்திருந்தது என் நெற்றி என்று தெரிந்தது. செல்வியின் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த பஸ் மத்தியானம்தான். அதுவரை அவள் இருக்கவில்லை.

அவள் எங்கே முடிந்தாள், நான் எங்கே தொடங்கினேன் என்று அம்மாவின் அந்தக் கைக்குத் தெரியவில்லை. இத்தனை பெயர்ச்சீட்டு ஒட்டியும் எனக்கும் தெரியவில்லை. அந்த வியர்வை என்னுடையது, அதன் சூடு அவளுடையது.

பெரியவரின் குழாயில் பெயரை ஒட்டி வைத்தேன்.

இப்போதும் ஊருக்குப் போனால் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

"காய்ச்சல் உட்டுருச்சா, கண்ணு?"

எந்தப் பிள்ளையைக் கேட்கிறாள் என்று நான் கேட்பதில்லை.

"உட்டுருச்சும்மா" என்கிறேன்.