நீல ஸ்டிக்கரா, மஞ்சள் ஸ்டிக்கரா

மதுரைக் கடையில் மவுண்டன் பைக்கைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சாம்பல் நிறம், என் உயரத்துக்குப் பொருந்துகிற சட்டம், விரலுக்கு எட்டுகிற பிரேக். சரி, இதுதான் என்று சொன்ன பிறகு விற்பனையாளர் கேட்டார்: "முன்னாடி சஸ்பென்ஷன் ரெண்டு கம்பெனியில வருதுக்கா. எதைப் போடட்டும்?"

சுவரில் இரண்டு ஃபோர்க்குகள் தொங்கின. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிற கால்கள் அவை. பள்ளத்தில் இறங்கும்போது அமுங்கி எழுவதற்காக உள்ளே காற்றை அடைத்திருப்பார்கள். ஒன்றில் நீல ஸ்டிக்கர், மற்றதில் மஞ்சள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

"எது நல்லது?"

"ரெண்டுமே நல்லதுதான்க்கா."

கடைக்காரர்கள் சொல்கிற பதில்களிலேயே இதுதான் எனக்கு எரிச்சல் ஊட்டுவது. இரண்டும் ஒன்றுபோல நல்லது என்றால் இரண்டு எதற்கு?

நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள்களில் நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் உட்கார்ந்திருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. பதினெட்டு வருடம் அதையே பார்த்த கண், ஃபோர்க்கைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டிக்கரைத்தான் பார்த்தது. மஞ்சள் சுத்தமான அச்சு. நீலத்தில் எழுத்தின் ஓரம் நூலிழை அளவு விலகியிருந்தது. மனசு உடனே மஞ்சள் பக்கம் சாய்ந்துவிட்டது. அச்சைப் பார்த்து இரும்புச் சாமான் வாங்குகிறவள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று வெட்கமாக இருந்ததால், இரண்டு வாரம் அவகாசம் கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இதில் இவ்வளவு யோசிக்க ஒரு காரணம் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால், அணைக்குப் போகிற சரளைப் பாதையில் பழைய சைக்கிளோடு விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். அந்த சைக்கிளுக்கு சஸ்பென்ஷன் கிடையாது. ஒவ்வொரு கல்லும் நேராகக் கைக்கு வரும். கட்டுப் பிரித்த அன்று, இனிமேல் சைக்கிள் வேண்டாம் என்று என் கணவர் சொல்வார் என்றே எதிர்பார்த்தேன். பட்டாசு கம்பெனியில் லோடு அனுப்புகிற பிரிவில் இருக்கிறார். எதையும் உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவருடைய தொழில்.

"வண்டி வாங்கிக்கோ. ஆனா அந்தக் கையைக் காப்பாத்துற வண்டியாப் பாத்து வாங்கு. இன்னொருக்க ஒனக்குத் தலை பின்னிவிட என்னால முடியாது" என்றார். கையில் கட்டோடு இருந்த ஒன்றரை மாதமும் அவர் பின்னிவிட்ட சடை எப்படி இருந்தது என்று அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வீடியோக்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பனிமலையும் பைன் மரமும்தான். கரிசல் காட்டில் வெயிலுக்கு வெடித்துக் கிடக்கிற பாளங்களின்மேல் எந்த ஃபோர்க் எப்படிப் போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நீல ஸ்டிக்கர் ஃபோர்க் உள்ள வண்டி காரியாபட்டியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். ஆள் நல்ல ஆகிருதி. பக்கத்துக் கிராமங்களுக்கு மாடு பார்க்கவே அந்த வண்டியில்தான் போவாராம்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க. மெத்தையில போற மாதிரி இருக்கும்" என்று வண்டியை என் கையில் கொடுத்துவிட்டார்.

வரப்பை ஒட்டிய பாதையில் ஓட்டினேன். மெத்தையாவது! கட்டாந்தரையில் உட்கார வைத்து இழுத்ததுபோல இருந்தது. ஃபோர்க் அசையவே இல்லை. மணிக்கட்டில் பழைய இடம் விண்ணென்று தெறித்தது. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாமல், "நல்லாருக்கு சார்" என்றேன்.

அடுத்த நாள் மதுரைக் கடையில், மஞ்சள் ஃபோர்க் போட்ட டெமோ வண்டியைப் பின்னால் இருந்த காலி மனையில் ஓட்டிப் பார்த்தேன். உட்கார்ந்ததுமே அமுங்கியது. கல் வந்ததே கைக்குத் தெரியவில்லை. முடிவு செய்துவிட்டேன். முன்பணம் கொடுக்கப் பையைத் திறந்தவள், ஏனோ மூடிவிட்டேன். எது நல்லது என்று தெரிந்துவிட்டது. ஏன் நல்லது என்று தெரியவில்லை. அது தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

சாத்தூரில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் ஒருவன் மோட்டார் பைக் பட்டறை வைத்திருக்கிறான். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்தால் சுற்றுவட்டாரத்தில் அவனிடம்தான் கொண்டுபோவார்கள். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டவன், என் கதை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்த டாக்டர் எம்புட்டு எடை இருப்பாரு?"

"தொண்ணூறு கிலோ இருப்பாக."

"நீ?"

"அம்பத்திரண்டு. எதுக்குலே கேக்க?"

"அவரு எடைக்கு அடைச்ச காத்து அது. அதுமேல நீ ஏறி உக்காந்தா எப்படி எறங்கும்? லாரி ஸ்பிரிங் பட்டைய ஆட்டோவுல போட்ட மாதிரி இருக்கும். கடைக்காரன் வண்டியில யாரு எடைக்கு அடைச்சிருந்தான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அங்கே வரப்பு, இங்கே காலி மனை, தரைகூட ஒன்றல்ல. லேபிளில் மை அளவை மாற்றிவிட்டுக் காகிதத்தைக் குறை சொன்னால் மெஷின்காரரை நான் சும்மா விடமாட்டேன். அதே தப்பை நானே செய்திருக்கிறேன். அசிங்கமாக இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. இனிமேல்தான் சரியாகப் பார்க்கப் போகிறோம் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வண்டிகளும் சாத்தூர் வந்து சேர்ந்தன. மருத்துவர் தன் வண்டியைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். மதுரையில் லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய வேனில், கடையில் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிய டெமோ வண்டியை ஏற்றி வந்தார் என் கணவர். மருத்துவரிடம் ஃபோர்க்குக்குக் காற்றடிக்கிற சின்னக் கைப்பம்பு இருந்தது. நான் வண்டியில் ஏறி உட்கார, நண்பன் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினான். இரண்டு வண்டியிலும் என் எடைக்கு ஒரே அளவு அமுங்கும்படி வைத்தான். பிறகு ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் ஒன்றை ஃபோர்க்கின் வழுவழுப்பான குழாயில் இறுக்காமல் கட்டினான். ஃபோர்க் அமுங்கும்போது அது டேக்கைத் தள்ளிக்கொண்டு போகும். எதுவரை போனதென்று பிறகு அளந்துகொள்ளலாம்.

கண்மாய்க் கரையில் ஒரு பனைமரத்திலிருந்து மதகு வரைக்கும், ஒரே பாதை. நீலத்தில் மூன்று தடவை, மஞ்சளில் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் நண்பன் குனிந்து ஸ்கேலால் அளந்தான். என் கணவர் லோடு சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். கடைசித் தடவை முடிந்ததும் நால்வரும் அந்தச் சீட்டைச் சுற்றி நின்று பார்த்தோம்.

ஏறக்குறைய ஒன்று. ஒரு விரல்கடை வித்தியாசம்கூட இல்லை. என் கைக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

"ரெண்டுமே நல்லதுதான்" என்றார் என் கணவர். கடைக்காரர் சொன்னது உண்மைதான் என்பதை நிரூபிக்க ஒரு வேன், ஒரு கார், நான்கு பேருடைய ஞாயிற்றுக்கிழமை.

"அப்ப என் வண்டி ஒங்களுக்குக் கட்டையாத்தான் இருந்துச்சா அன்னைக்கு?" என்று கேட்டார் மருத்துவர். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். சிரித்துக்கொண்டே, என் எடைக்கு வைத்திருந்த மஞ்சளில் அவர் ஏறி உட்கார்ந்தார். ஃபோர்க் பெருமூச்சு விட்டுக்கொண்டு அடிவரைக்கும் இறங்கிவிட்டது.

நண்பனுக்கு அதோடு ஆவல் அடங்கவில்லை. "உள்ள என்ன இருக்குன்னு பாத்துருவமா சார்?" என்றான். மருத்துவர் வாங்கிய நாளிலிருந்து தன் ஃபோர்க்கைத் திறந்ததே இல்லையாம். பட்டறை வாசலில் பழைய பட்டாசு அட்டைப் பெட்டியை விரித்து அதன்மேல் பிரித்தான். நான் லென்ஸை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இவ்வளவு பேச்சுக்கும் உள்ளே இருந்தது கொஞ்சம்தான்: இரண்டு குழாய், ஒரு தண்டு, ஆயில் ஊறிய பஞ்சு வளையங்கள், தூசியைத் தடுக்கிற ரப்பர் சீல். அந்தப் பஞ்சு மை ஊறியதுபோல் கறுத்திருந்தது. பிழிந்ததும் கருப்பாக வடிந்தது கரிசல் மண்.

"நம்ம ஊருல இத அடிக்கடி தொறந்து தொடைக்கணும். கம்பெனிய விடு, சீல் எங்கன கெடைக்குன்னு கேளு" என்றான்.

அங்கேயே உட்கார்ந்து இரண்டு கம்பெனி டீலர்களுக்கும் போன் போட்டேன். நீலத்துக்கு சீல் கோயம்புத்தூரில் இருக்கிறது, கூரியரில் வந்துவிடும். மஞ்சளுக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு போனில், இரண்டு வாரக் குழப்பம் முடிந்துபோனது. அச்சு விலகிய நீலத்தையே வாங்கினேன். நண்பன் அன்று மருத்துவரின் ஃபோர்க்கைக் கழுவி, புது ஆயில் விட்டு மூட்டிக் கொடுத்தான். இப்போது இரண்டு பேர் வண்டிக்கும் அவன்தான் வைத்தியன்.

மணிக்கட்டு வலிக்கவில்லை. மழை வரும்வரை ஒரு ஞாயிறுகூட விடாமல் காடுமேடெல்லாம் சுற்றினேன்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், ஈரக் கரிசலில் ஃபோர்க் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ஆசையில் மக்காச்சோளக் காட்டுப் பாதையில் இறங்கினேன். நூறு அடி போயிருப்பேன். சக்கரத்தில் ஒட்டிய மண் ஃபோர்க் இடைவெளி முழுக்க அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. குச்சியால் நோண்டினேன், நோண்ட நோண்ட ஒட்டியது. களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏத்தா, அத ஓட்ட வந்தியா, தூக்க வந்தியா?"

"ஓட்டத்தான் வந்தேன்க்கா."

"இன்னும் மூணு நாள் வெயிலடிக்கட்டும். இப்பம் தூக்கிக்கிட்டுப் போ."

வண்டியைத் தோளில் ஏற்றினேன். வரும்போது இருந்ததைவிட இரண்டு மடங்கு கனம். ரோட்டுக்கு வந்து இறக்கி வைத்துவிட்டு, ஃபோர்க்கில் அடைத்திருந்த மண்ணை ஒரு கைப்பிடி பிடுங்கி, விரலால் நசுக்கிப் பார்த்தேன். சோப்புபோல வழுக்கியது, கோந்துபோல ஒட்டியது. இரண்டும் ஒரே மண்ணில் எப்படி? லென்ஸைத் தேடிப் பையில் கைவிட்டேன்.