கள்ளிப்பழம் பறித்த கை

என் மனைவி பெங்களூருக்குப் போனபோது மூன்று மாதம் என்றுதான் பேச்சு. மகளுக்குப் பிரசவம், பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும். இப்போது பேரன் எழுந்து நடக்கிறான். ஆரணியில் வீட்டுக்குள் நானும் தறியும்தான். தறியாவது பகல் முழுக்கச் சத்தம் போடுகிறது. எனக்குச் சாயங்காலம் போன் வந்தால்தான் வாய்.

போனில் மட்டும் நான் பெரிய கலகலப்புக்காரன். சோறு குழைந்துபோனால், "தறியில பாவு நூலுக்குக் கஞ்சி காச்ச வேண்டிய வேல மிச்சம்" என்பேன். அவள் சிரிப்பாள். புருஷன் இவ்வளவு ஜாலியாக இருந்தால் எவள் அவசரமாக ஊர் திரும்புவாள்? வந்துவிடு என்று சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன். வெளியே வந்தது ஜோக்தான்.

கோடையில் ஒருநாள் அவள் சொன்னாள்: "ஏங்க, பொண்ணுக்கு ரத்தம் கம்மியா கீதாம். சப்பாத்திக்கள்ளிப் பழம் துன்னா ஊறும்னு கீழ் வூட்டம்மா சொல்றாங்க. நம்ம ஏரிக்கரையில இருக்குமே?"

பழத்தைக் கொடுக்கிற சாக்கில் நேரில் போய் அவளை வரச்சொல்லிக் கேட்டுவிடலாம் என்று எனக்கு யோசனை. மறுநாள் காலையிலேயே முள்ளிப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் சைக்கிளை மிதித்தேன்.

கரையெல்லாம் கள்ளி. மட்டையின் மேல் மட்டை, சப்பாத்தி சுட்டு அடுக்கினதுபோல. இலையே கிடையாது. அந்த மட்டைதான் தண்டாம், தண்ணீர்த் தொட்டியும் அதுதானாம். இலைதான் முள்ளாகிவிட்டதாம். மகள் பள்ளிக்கூடப் பாடத்தைச் சத்தம் போட்டு ஒப்பித்ததில் என் காதில் விழுந்தது இவ்வளவு. என் மூணாங்கிளாஸ் கள்ளி வரைக்கும் போகவில்லை.

சில மட்டைகளில் பஞ்சு ஒட்டினதுபோல் வெள்ளைப் பூச்சி. ஒன்றை நசுக்கினால் நகமெல்லாம் ரத்தச் சிவப்பு. ஒரு காலத்தில் இந்தப் பூச்சியை வைத்துத்தான் பட்டுக்குச் சிவப்பு ஏற்றினார்கள் என்று சாயப் பட்டறையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கீழே உடைந்து விழுந்த ஒற்றை மட்டை, மண் பட்ட இடத்தில் வேர்விட்டு, தன்பாட்டுக்குத் துளிர்த்திருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நீட்டு முள்ளையெல்லாம் சாமர்த்தியமாக விலக்கி, வெறுங்கையால் பழங்களைத் திருகிப் பைக்குள் போட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கிட்டே வந்தாள்.

"இன்னாய்யா, வெறுங்கையில பறிச்சிகினு கீற?"

"ஒரு முள்ளு கூட குத்தல, பாத்தியாம்மா!"

"பெரிய முள்ளு இன்னா பண்ணும்? பழத்து மேல புள்ளி புள்ளியா முடி கீது பாரு, அதான் பேஜாரு. மண்ணுல போட்டு பொரட்டிட்டுத்தான் தொடணும். பஞ்சத்துல மட்டைய நெருப்புல வாட்டி மாட்டுக்கே போடுவோம், அப்பக்கூட நாங்க கையால தொட மாட்டோம். எங்க, கைய காட்டு."

காட்டினேன். வெயிலில் விரலெல்லாம் பொன்னிறத்தில் மினுமினுத்தது.

"போச்சு போ. வூட்டுக்காரம்மாகிட்ட குடுத்து எடுத்துக்க."

வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிவிட்டு, ஒன்றுமில்லை என்று தறியில் உட்கார்ந்தேன். தறியில் இருந்தது முகூர்த்தப் புடவை. விரல் பட்ட இடமெல்லாம் பட்டு மாட்டியது. ஒரு இழை அறுந்தது. இழை அறுந்தால் விரல் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, இரண்டு முனையையும் திரித்துவிடுவோம். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. நாக்கில் தொட்டுவிட்டேன்.

அந்த முடிக்குத் தூண்டில்போலக் கொக்கி உண்டு. போகும், வராது. முள் வலது கையில், இடுக்கி இடது கையில். ஒன்றை எடுக்கப்போய் இரண்டை உள்ளேயே உடைத்தேன். நாக்கில் இருந்ததைக் கண்ணாடியில் பார்த்தால், முகம்தான் தெரிந்தது. அதையும் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் போன் வந்தது.

"பழம் கெடச்சுதா?"

"ம்."

"இன்னாங்க, ம்மு ம்முன்னுகினு? சாப்ட்டீங்களா?"

"ம்ம்."

அவளுக்குப் பின்னால் பேரன் எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது.

"அழுவுறீங்களா?"

வலியில் கண்ணில் நீர் வந்துகொண்டிருந்தது உண்மை. நாக்கில் முள் என்று உளறியாவது சொல்லியிருக்கலாம். விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"ம்" என்றேன்.

"ஞாயித்துக்கெழம வரேன்" என்று வைத்துவிட்டாள்.

நாக்கு மறுநாளே சரியாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். "அண்ணா, கைய குடுங்க, ஜல்தியா எடுத்துடறேன்."

"வேணாம்மா. ஞாயித்துக்கெழம எடுத்துக்கறேன்."

"முள்ளுக்குக்கூட நாள் பாப்பீங்களா?"

புடவை எங்கே என்று, நெய்யக் கொடுத்த முதலாளி இரண்டு தரம் ஆள் அனுப்பினார். கையைக் காட்டி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். மகளுக்கு மாத்திரையிலேயே ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறதாம், பழம் வேண்டாமாம். ஜன்னலோரம் உட்கார்ந்து என் கையை மடியில் வைத்துத் தேடினாள். பாதி முள் தானாகவே உதிர்ந்திருந்தது. இருந்ததை எடுத்தபடியே நடந்ததைக் கேட்டுக்கொண்டாள்.

"இந்த முடிக்கா அழுதீங்க?"

"இல்ல. ஒண்டியா இருக்க முடியல. வந்துடு."

அவள் சிரிக்கவில்லை. எடுத்து முடித்த விரலையே மறுபடியும் தடவித் தடவித் தேடினாள்.

"அவ வேலைக்குப் போவணும். புள்ளைய யார்கிட்ட உடறது?"

செவ்வாய்க்கிழமை காலையில் அவளைப் பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தேன். விரலில் பட்டு எங்கேயும் மாட்டவில்லை.