டார்ச் பிடித்தவனிடம் கேட்ட கேள்விகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுக்கப்பட்டிருந்தது. டார்ச் பிடிப்பது.

இடம், மாடம்பாக்கத்தில் என் தங்கை கல்பனா குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங். தன் காரை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தி, முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிவிட்டு, தரையில் கோணியை விரித்துப் படுத்திருந்தாள். டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் இன்ஜின் கதை முடிந்தது. பெல்ட்டை எட்ட வேண்டுமென்றால், கிராங்க் ஷாஃப்ட் என்ற இன்ஜின் தண்டின் முனையில் இருக்கும் பெரிய புல்லிச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். புல்லியை இறுக்கிப் பிடித்திருப்பது நட்டநடுவே ஒரே ஒரு போல்ட்.

அந்த போல்ட் அசையவில்லை.

இதை ஏன் வீட்டில் செய்கிறாள்? கல்பனா காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப் வகுப்பு எடுப்பவள். ஆனாலும் முதலில் தாம்பரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் வண்டியைக் கொண்டுபோனாள். அவர்கள் அந்த போல்ட்டோடு மல்லுக்கட்டினார்கள், தோற்றார்கள். தோற்றதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கணவர் சுரேஷின் நம்பரை வாங்கி, அவருக்கு போன் போட்டு, பழைய வண்டி சார், வித்துடுங்க என்றார்கள். வண்டியைக் கொண்டுவந்தவள் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்!

சுரேஷ் நல்ல மனிதர். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. அவரும் அவளைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை வந்து வண்டியைப் பார்க்கும்படி, பழைய வண்டி வாங்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டார். கல்பனா சண்டை போட்டு வாங்கிய அவகாசம், ஞாயிறு சாயங்காலம் வரை. சொந்தச் சம்பளத்தில் அவள் வாங்கிய முதல் வண்டி அது.

இந்த நிலையில்தான் ஆண்கள் வர ஆரம்பித்தார்கள்.

நம் காலனிகளில் பானெட் திறந்த வண்டி பொதுச்சொத்து. அதில் எனக்குப் புகார் இல்லை. முதலில் வந்தவர் அசோசியேஷன் செகரெட்டரி. வாக்கிங் முடித்த வேர்வையோடு நின்று, என்ன சார் ப்ராப்ளம் என்று என்னைக் கேட்டார். நான் டார்ச்சால் கல்பனாவைக் காட்டினேன். கிராங்க் போல்ட் இறுகிவிட்டது என்று அவள் சொன்னாள். "ஆயில் விட்டுப் பார்த்தீங்களா சார்?" என்றார் — மறுபடியும் என்னிடம்.

பதில் தரையிலிருந்து வருகிறது. கேள்வி மட்டும் என் முகத்துக்கே வருகிறது. எனக்கு சைக்கிளில் செயின் மாட்டக்கூடத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். பிறகு ஏன்?

அடுத்தவர் ஏழுமலை. பக்கத்து மனையில் கடைகள் கட்டிக்கொண்டிருப்பவர். இந்த அப்பார்ட்மென்ட் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் வயல். வந்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"இன்னா சார், இதுக்குப் போயி பேஜார் பட்டுகினு கீறீங்க? ராடைத் தரையில முட்டுக் குடுத்து ஒரு செல்ஃப் வுடு. தானா கயண்டுக்கும்."

பல வண்டிகளில் இந்த வித்தை பலிக்குமாம். போல்ட்டில் மாட்டிய ஸ்பானர் ராடு தரையில் முட்டி நிற்க, செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுழற்ற, போல்ட் விட்டுக்கொடுக்கும். கல்பனா பொறுமையாகச் சொன்னாள்: இந்த இன்ஜின் எதிர்த்திசையில் சுற்றுவது. செல்ஃப் அடித்தால் போல்ட் இன்னும் இறுகும்.

இருவரும் கவனமாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு செகரெட்டரி என் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

இவர்கள் கெட்டவர்களா? தண்ணி லாரி வராத நாளில் மாடி ஏறி வந்து குடம் கொடுப்பவர்கள். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கெட்டவர்கள் என்றால் ஒதுங்கிப் போய்விடலாமே...

சுரேஷ் கீழே இறங்கி வந்தார். ஏழுமலை தன் யோசனையை அவரிடம் விளக்கினார், செகரெட்டரி தலையாட்டினார். கல்பனா வேண்டாம் என்றாள். ஒரு தடவை ட்ரை பண்றதுல என்ன மச்சான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, சுரேஷ் டிரைவர் சீட்டுப் பக்கம் போய் ஜன்னல் வழியாகக் கையை விட்டு சாவியைத் திருப்பினார்.

கல்பனாவின் வலது கை அப்போது ராடுக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவில் இருந்தது.

நான் கத்தினேன். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. இன்ஜின் முனகக்கூட இல்லை. பேட்டரியும் போச்சு போல என்று செகரெட்டரி வருத்தப்பட்டார்.

கல்பனா கையை மெதுவாக வெளியே எடுத்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஆரம்பிக்கும்போதே வயரைக் கழட்டி வச்சுட்டேன். யாராவது ஒருத்தர் சாவியைத் திருப்புவீங்கன்னு தெரியும்."

சுரேஷின் முகம் வெளுத்திருந்தது. அவர் பார்வை அவள் விரல்களை விட்டு நகரவே இல்லை.

முதலில் அசைந்தது ஏழுமலைதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, குனிந்து, அவளையே பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா வோணும் உனக்கு?"

நீளமாக ஒரு இரும்பு பைப் வேண்டும் என்றாள். தன் கட்டடத்திலிருந்து அவரே தூக்கிவந்தார். புல்லி சுற்றாமல் பிடிக்க, கல்லூரியில் வெல்டு வைத்துச் செய்து எடுத்துவந்திருந்த இரும்புப் பிடியை அதில் மாட்டினாள். பிடியின் மறுமுனையைத் தரையில் ஊன்றவைத்தாள். ராடின் மேல் பைப்பைச் செருகி, பைப்பின் கடைசி முனையைப் பிடித்து, உடம்பின் முழு எடையையும் கொடுத்தாள். பைப் லேசாக வளைந்தது. நான் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

டக்!

ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். போல்ட்தான் இளகியிருந்தது. மீதியை அவள் விரலாலேயே சுழற்றி எடுத்தாள்.

சுரேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கல்பனா கோணித் துணியில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே தடுத்தாள். "அதெல்லாம் அப்புறம். நாளைக்கு வரச் சொன்னீங்களே, அவருக்கு இப்ப போன் போடுங்க."

போட்டார். "சாரி சார்... வண்டியைக் குடுக்கல. ஒய்ஃப் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள். "வண்டி ஒய்ஃபோடதுன்னு சொல்லுங்க."

சுரேஷ் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். பிறகு சொன்னார். சின்னக் குரலில்தான். ஆனால் சொன்னார்.

இளகுவதற்கு, போல்ட்டுக்காவது ஒரு பைப் போதுமாக இருந்தது.