வெள்ளிக்கிழமை வந்த முயல்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூல் வேன் வந்து நின்றது. வழக்கமாகக் குதித்து இறங்கும் என் மகள் யாழினி இறங்கவில்லை. முதலில் ஒரு பிளாஸ்டிக் கூடை இறங்கியது.

"மெதுவாம்மா... மெதுவாப் பிடி! உள்ள லட்டு இருக்கு!"

தின்கிற லட்டு இல்லை. முயல். நாலாம் வகுப்பு 'பி' பிரிவின் செல்லப் பிராணி. பிள்ளைகளுக்குப் பொறுப்பு வர வேண்டும் என்று பள்ளியில் ஓர் ஏற்பாடு – வார நாட்களில் முயல் பள்ளியில் இருக்கும். வெள்ளிக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போகும், திங்கட்கிழமை திரும்பி வரும். பிள்ளைக்குப் பொறுப்பு வருகிறதோ இல்லையோ, பெற்றோருக்கு இரண்டு நாள் தூக்கம் போகும்.

யார் வீட்டுக்கு எந்த வாரம்? ரோல் நம்பர்படி. அதாவது ஆங்கில எழுத்து வரிசைப்படி. ஜூன் மாதம் ஆராதனா வீட்டில் ஆரம்பித்த முயல் யாழினி வீட்டுக்கு வந்து சேர மார்ச் ஆகிவிட்டது. "ஏம்மா எனக்கு அனன்யானு பேர் வைக்கல?" என்று வருஷம் முழுக்க என்னோடு சண்டை. தமிழில் அழகாகப் பெயர் வைத்தது ஒரு குற்றமா? அவளுக்கும் பின்னால் வகுப்பில் இருப்பது ஒரே ஒருத்திதான். 'இசட்'டில் தொடங்கும் ஜீனத். எல்லாவற்றிலும் கடைசியில் நிற்பதாலேயே இருவரும் உயிர்த்தோழிகள்.

லட்டுவின் உலா படங்களாகப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. லட்டு பட்டுப்பாவாடையில். லட்டு குன்றத்தூர் மலையில், நெற்றியில் விபூதியோடு. லட்டு பர்த்டே கேக் முன்னால், தொப்பியோடு. "எங்க வீட்ல நெய் இட்லி சாப்பிட்டுச்சு!" என்று ஓர் அம்மா பெருமையாகப் போட்டால், அடுத்த வாரம் இன்னோர் அம்மா முறுக்கோடு போட்டோ போடுவார். க்ரீம் பிஸ்கட், கேசரி, பன்னீர்... வீடு தேடி வந்த ஜீவனை வெறும் புல்லைப் போட்டு அனுப்ப நமக்கு மனசு வருமா?

நானும் லேசுப்பட்டவள் இல்லை. கேரட் அல்வா கிளறி வைத்திருந்தேன். முயலுக்குக் கேரட் பிடிக்குமே!

லட்டு அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூடையின் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது. தெருவில் ஒரு ஹாரன் கேட்டால் உடம்பு முழுக்க நடுங்கியது. சனிக்கிழமை காலையிலும் அப்படியே. யாழினிதான் முதலில் கவனித்தாள்.

"அம்மா, இது நேத்துலேர்ந்து கக்காவே போகல."

அஸ்தினாபுரத்தில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் ஓடினோம். இளம் பெண். முயலின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னல்லாம் குடுத்தீங்க?" என்றார். குரூப்பில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். அல்வாவையும் மெல்லிய குரலில் சேர்த்துக்கொண்டேன்.

"முயலுக்குப் புல்லுதாங்க சாப்பாடு. மாவும் சர்க்கரையும் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்... குடல் வேலை செய்யாம நின்னுபோச்சு. இது ஒரு நாள் சாப்பிடலைன்னாலே உயிருக்கு ஆபத்து. வாராவாரம் புது வீடு, புது ஆளுங்கன்னா பயப்படாதா? ஒரே இடத்துல வெச்சுக்கச் சொல்லுங்க."

சுரீர் என்றது. பிள்ளைகளுக்குப் பொறுப்பு சொல்லித்தர எத்தனையோ வழி இருக்க, ஓர் உயிரைக் கூடையில் போட்டு அனுப்புகிறோம். பாடம் பிள்ளைகளுக்கு... பரீட்சை மட்டும் முயலுக்கு!

ஞாயிற்றுக்கிழமை லட்டுவைப் பார்க்கத் தெருப் பிள்ளைகளை எல்லாம் யாழினி கூப்பிட்டிருந்தாள். அவளே வீடு வீடாகப் போய், "யாரும் வராதீங்க, லட்டுவுக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள். டாக்டர் கொடுத்த மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அதன் வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். பிள்ளையார் கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் இருந்த அருகம்புல்லை எல்லாம் வாங்கி வந்தோம். அவள் அப்பா டி.வி.யில் மேட்சைச் சத்தமே இல்லாமல் பார்த்தார். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் என்னால் முடியாததை ஒரு முயல் செய்துவிட்டது.

ஞாயிறு மத்தியானம் யாழினி கிசுகிசுத்தாள். "அம்மா, ஓடி வா... கக்கா போயிருச்சு!"

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். நாலு புழுக்கைக்கு ஒரு குடும்பமே இவ்வளவு சந்தோஷப்படும் என்று சொன்னால் நம்புவீர்களா? சற்று நேரத்தில் லட்டு ஒரு புல்லை இழுத்து மெல்லத் தொடங்கியது.

ஆனால் யாழினியின் முகம் தெளியவில்லை. அடுத்த வாரம் ஜீனத்தின் முறை. மேற்குத் தாம்பரத்தில் ஜன்னலுக்குக் கம்பி வலை அடிக்கும் கடை வைத்திருக்கும் ஜீனத்தின் அப்பா, லட்டுவுக்காக ஒரு கூண்டே செய்து வைத்திருக்கிறார். இப்போது போய் எதையும் சொல்வானேன்?

"இன்னும் ஒரே ஒரு வீடுதானேடி. ஜீனத் வீட்டுக்குப் போய்ட்டு வரட்டும், அப்புறம் மிஸ்கிட்டச் சொல்லிக்கலாம்" என்றேன்.

"அந்த ஒரு வீட்ல செத்துப்போச்சுன்னா?"

அவளே என் போனை எடுத்து ஜீனத்தைக் கூப்பிட்டாள்.

"லட்டு இனிமே வீடு வீடாப் போகக் கூடாதாம்டி. டாக்டர் சொன்னாங்க. நாளைக்கு மிஸ்கிட்டச் சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லணும்ல..."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல். "உனக்கு மட்டும் கிடைச்சிருச்சுல்ல?" போன் கட்டாகிவிட்டது.

திங்கட்கிழமை கூடையோடு நானும் பள்ளிக்குப் போனேன். ஜீனத் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. யாழினி எல்லாவற்றையும் வகுப்பு முன்னால் நின்று சொன்னாள் – பயத்தை, பிஸ்கட்டை, அம்மாவின் அல்வாவை. அதைச் சொல்லியே ஆக வேண்டுமா என்ன? வகுப்பு டீச்சர் சுகந்தி மிஸ் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அப்படின்னா லட்டு இனிமே கிளாஸுக்கும் வேண்டாம். ஒரே வீட்ல நிம்மதியா இருக்கட்டும். நீதானே காப்பாத்தின, நீயே வெச்சுக்கிறியா யாழினி?"

கதவோரம் நின்ற நான், பால்கனியில் எந்தச் செடியை நகர்த்தலாம் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். யாழினி கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீடு ரோட்டு மேல இருக்கு மிஸ். ஹாரன் சத்தத்துக்கே அது நடுங்குது. ஜீனத் வீட்ல பின்னாடி மரம் இருக்கு, சத்தம் இருக்காது. அவங்க அப்பா பெரிய கூண்டு செஞ்சிருக்காங்க. லட்டு அங்கயே இருக்கட்டும்."

ஜீனத் எழுந்து வந்து யாழினியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் யாழினி பையைப் போட்டுவிட்டு என் மடியில் விழுந்து அழுதாள். "எனக்குத்தாம்மா லட்டு வேணும்... எனக்குத்தான் ரொம்ப வேணும்..."

ஆசை இல்லாத பொருளை யார் வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு அதற்கு எது நல்லது என்று மட்டும் பார்த்தாளே! என் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை... இல்லை, என் பெண் என்பதற்காகத்தான் சொல்கிறேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன சனிக்கிழமை ஜீனத் வீட்டுக்குப் போனோம். "வாங்கக்கா" என்று சிரித்தார் அவள் அப்பா. "சொந்தக்காரங்க வந்தாக்கூட ஜீனத் கூண்டுகிட்ட விட மாட்றா. உங்க பொண்ணு ஆர்டராம்."

மர நிழலில் லட்டு காலை நீட்டிப் படுத்துப் புல்லை மென்றுகொண்டிருந்தது. யாழினி கிட்டே போய் உட்கார்ந்தாள். அது ஒரு தடவை எங்களைப் பார்த்தது. மறுபடி புல்லுக்குத் திரும்பிவிட்டது. அவ்வளவுதான். உயிரைக் காப்பாற்றியவளுக்கு இவ்வளவுதானா மரியாதை? எனக்குக் கோபமே வந்தது.

யாழினி என் கையைப் பிடித்து இழுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா... நம்மளைப் பாத்து அது பயப்படவே இல்ல!"