நாலு மெகாஹெர்ட்ஸ்

"சும்மா அளக்காதே" என்பவர்கள் என் வலது மணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

பழைய மெஷின்களின் போர்டுகளைச் சரிசெய்வது என் தொழில். ஒரு தகரப் பட்டறையில் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டுபவன் என் தம்பி. பெடலை மிதித்துவிட்டுத் தகட்டை உள்ளே தள்ளுவான். கையை எடுக்க ரெண்டு செகண்ட் விட்டு அரை டன் இரும்பு இறங்கும். அந்த ரெண்டு செகண்டை எண்ணுவது போர்டில் இருந்த எட்டு பிட் சிப்.

"ஆமை மாதிரி போகுதுப்பா, வேகத்தைக் கூட்டு" என்று பட்டறை முதலாளி நச்சரித்தார்.

அந்தச் சிப் குடும்பத்தில் தாத்தாவின் வேகம் ஒரு மெகாஹெர்ட்ஸ், மகன் ரெண்டு, பேரன் நாலு. மூன்றுக்கும் ஒரே மாதிரி கால்கள், ஒரே குழியில் பொருந்தும். தாத்தாவைக் கழற்றினேன். சுட்டது. இத்தனைக்கும் காலையிலிருந்து மின்சாரமே கொடுக்கவில்லை... போர்டு இருந்த பெட்டிக்குள் டக்... டக்... என்று சத்தம் வேறு. எலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பேரனையும், அதன் வேகத்துக்குத் தாளம் போடும் கிரிஸ்டலையும் மாட்டினேன். வேகம் நாலு மடங்கானால் ரெண்டு செகண்ட் அரை செகண்டாகிவிடும். என் மரமண்டைக்கு அது உறைக்கவே இல்லை.

மதியம் 3.10. தம்பி பெடலை மிதித்தான்.

ஏதோ ஒன்று அவன் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. பக்கத்தில் யாருமில்லை. அவனைச் சுவரில் ஓங்கி மோதவைத்தது. பின்மண்டை உடைந்து ரத்தம் கொட்டியது. தடால்! அவன் கை இருந்த இடத்தில் பிரஸ் இறங்கியது.

"அண்ணே... யாரோ..."

3.11. என் மணிக்கட்டை எதுவோ இறுக்கியது. சில்லென்ற விரல்கள். பிரஸ்ஸுக்குள் இழுத்தது. காலை ஊன்றினேன். மளுக்கென்று எலும்பு முறிந்தது.

"மெயினை அணைடா!"

அணைத்தான். பிரஸ் நிற்கவில்லை.

தடால்... தடால்...

விரல் நுனி நசுங்கியது. அலறினேன். இடது கையால் திறந்திருந்த பெட்டிக்குள் துழாவி, சிப்பைப் பிடுங்கினேன்.

பிடி விட்டது.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி வந்தார். "சிப்பைப் பிடுங்கினதால தப்பிச்சேங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு மெக்கானிக் இதே மாதிரி வேகத்தைக் கூட்டினான். ஓட்டினவனுக்குக் கை போச்சு, அங்கேயே செத்துட்டான். மறுவாரம் அந்த மெக்கானிக் தலை அதே பிரஸ்ல..."

பாவி மனுஷன், இதைத் தெரிந்துகொண்டா என்னைக் கூப்பிட்டார்!

"அவனும் சிப்பைப் பிடுங்கியிருக்கலாமே?"

"சிப் ஏதுப்பா? அவன் சாகறதுக்கு முந்தின நாளே போர்டையே போலீஸ் கழட்டிட்டுப் போயிருந்தாங்க."