சிவப்புக் கொடியின் மறுபாதி

அண்ணனின் முப்பதாம் நாள் படையலுக்கு வந்திருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் உடன்பிறந்த தம்பி எழுதுவது.

அண்ணன் புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தார். ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு இலங்கையின் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்த வழியில் பெற்றோரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தோம். என்னைத் தோளில் சுமந்தே கண்டி சேர்த்தார். பிறகு ரயில் பாதை வேலைக்குப் போனார். பாதையைப் பழுதுபார்க்கும்போது தண்டவாளத்தின் நடுவே சிவப்புக் கொடி நடுவது அவர் பொறுப்பு.

ஒருநாள் பேராதனைப் பக்கத்து வளைவில் எஞ்சின் அந்தக் கொடியின் மேலேயே ஏறி வந்து அண்ணனின் கூட்டாளியைக் கொன்றது. உடல் விறைக்குமுன் வாய்க்கட்டுக் கட்ட வேண்டும் அல்லவா? எல்லோர் துணியிலும் சேறு. அண்ணன் கொடியை இரண்டாகக் கிழித்து, கைக்கு வந்த பாதியால் கட்டினார். சக்கரத்து எண்ணெய்க் கறை அந்தப் பாதியில்தான் இருந்தது. அதுவும் குழிக்குள் போயிற்று.

கொடி நடாமல் உயிரைப் போக்கினார் என்று அண்ணன்மேல் வழக்கு வந்தது. கண்டிக் கோர்ட்டில் கறையில்லாத மறுபாதியை நீட்டினார். கூட வேலை செய்தவர்கள் பயந்துபோய், "கவனிக்கலீங்க" என்று கையை விரித்துவிட்டார்கள். குழியைத் தோண்டினால், எஞ்சின் கொடிமேல் ஏறியதற்குச் சாட்சியாகக் கறைத்துணி கிடைக்கும் என்றார் வக்கீல்.

"படுத்திருக்கிறவன எழுப்ப வேணாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்களா?" என்றார் அண்ணன்.

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. போதிய சாட்சியம் இல்லை என்று நீதவான் விடுதலை செய்தார். நான் ஓடிப்போய்க் கற்கண்டு வாங்கி வந்தேன். அண்ணன் தொடவில்லை.

"நான் கொடி நட்டேன்னு நீதவான் சொல்லலையேப்பா."

அதற்குப்பின் குண்டசாலையில் கோப்பி காயவைக்கும் ஒரு களத்தின் காவல் குடிசையில் தனியாகவே இருந்தார். கல்யாணம் வேண்டாம் என்றார். என் வீட்டுக்கும் வரவில்லை. வருடம் ஒருமுறை, கூட்டாளி இறந்த நாளில், அவர் மனைவி இருந்த கலஹா தோட்டத்துக் குடியிருப்பு லயம்வரை நடந்துபோய், வேலியோரம் நின்றுவிட்டுத் திரும்புவார்.

கடைசியில் மூன்று நாள் காய்ச்சல். உயிர் பிரிந்து, வாய்க்கட்டுக்கு நான் வெள்ளைத்துணி கிழித்துக்கொண்டிருந்தபோது, அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டுக் கலஹாவிலிருந்து புறப்பட்ட அந்த அம்மா வந்து சேர்ந்தார்.

"அந்தச் செவப்புத் துணி இருக்கா தம்பி? அதால கட்டுங்க. எங்க வீட்டுக்காரருக்குக் கட்டின துணியில சக்கரத்துக் கறைய நான் பாத்தேன். தீட்டு வீட்ல உக்காந்திருந்தவளக் கோர்ட்டுக்கு யாரும் கூப்பிடல. இவர் வேலியோரம் நின்னப்பயாச்சும் நான் சொல்லியிருக்கணும்."

அவரைக் கேட்க வேண்டும் என்று வழக்கு நடந்தபோது எனக்கும் தோன்றவில்லை. அண்ணனின் பெட்டியைத் திறந்து மறுபாதியை எடுத்துக் கட்டினேன்.

காய்ச்சலில் கஞ்சி தந்த களத்துக்காரர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் நன்றி. அந்த அம்மாவுக்கும் நன்றி. அவர் சொன்ன சாட்சியைக் குடிசையில் இருந்த எல்லோரும் கேட்டோம், அண்ணனைத் தவிர.