நஞ்சப்பன் வாசலில் அணைந்த அம்பாசிடர்

இண்டூர் சந்திரமோகனின் அம்பாசிடருக்கு அவருடைய பக்கத்து வீட்டுப் பங்காளி நஞ்சப்பன் செய்வினை வைத்துவிட்டார் என்று தர்மபுரி டீக்கடைகளில் பேச்சு. பூஜையில் டயருக்கு அடியில் வைத்த நான்கு எலுமிச்சம்பழங்களில் ஒன்று நஞ்சப்பன் தோட்டத்து மரத்தில் காய்த்ததாம். அதில் மந்திரம் ஏற்றியிருந்தாராம். ஒற்றைப் பழத்தால் ஒரு டன் வண்டியை நிறுத்த முடியுமென்றால் சாலையில் தடுப்புக் கம்பிகளே தேவையில்லை. விசாரித்து வரலாமென்று பஸ் ஏறினேன்.

பழம் நஞ்சப்பன் மரத்துப் பழம்தான். அதுவரை உண்மை. மற்றதைக் கேளுங்கள்.

சந்திரமோகன் தக்காளி விவசாயி. விலை எகிறிய வருடத்தில் ஊரார் மாடி கட்டினார்கள். இவர் வெள்ளை அம்பாசிடர் வாங்கினார். சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போவது அந்தக் கார்தான். வாடகை வாங்க மாட்டார். புகழ் மட்டும் வாங்குவார்.

போன வருடம் நஞ்சப்பன் மகள் கல்யாணத்தில் அந்தக் கார் பெண்ணோடு நடுரோட்டில் நின்றது. பட்டுப்புடவைக்காரிகள் இறங்கித் தள்ளினார்கள், அது அசையவில்லை. மணப்பெண் தக்காளி ஏற்றும் பிக்கப்பில் மண்டபம் சேர்ந்தாள். நஞ்சப்பன் மைக்கைப் பிடித்தார். "பொண்ணு தக்காளி வண்டில வந்துட்டிருக்குதுங்க. அம்பாசிடர நம்பி ஆரும் பசியோட ஒக்காந்திருக்க வேணாம், பந்திக்குப் போங்க!"

மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து சந்திரமோகன் 'தள்ளு மோகன்'. சில மாதம் கழித்து அவர் மகள் கோகிலவாணியைப் பெண் பார்க்கப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்தவர்கள், தெருமுனையில் விசாரித்தது இப்படி: "தள்ளு மோகன் வூடு எதுங்க?"

சம்பந்தம் கூடிவிட்டது. ஆனால் அந்தப் பெயரோடு மகளைத் தாரை வார்ப்பதில்லை என்று சந்திரமோகன் முடிவு கட்டினார். திட்டமும் போட்டார். பெண் அழைப்பன்று கார் நஞ்சப்பன் வாசலுக்குப் போகும். அங்கே வேண்டுமென்றே எஞ்சினை அணைப்பார். நஞ்சப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரே திருகில் மறுபடி கிளப்புவார். ஹாரன் அடித்துவிட்டுப் போவார். ஓராண்டு வன்மத்துக்கு இவ்வளவு சிக்கனமான தண்டனையை நான் எங்கும் கேட்டதில்லை.

தர்மபுரி மெக்கானிக் இன்னாசியிடம் போனார். "ஒரே திருகுல ஸ்டார்ட் ஆவணும் இன்னாசி. ரெண்டாவது திருகுன்னா நான் தூக்குல தொங்கணும்."

"அப்ப எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுரலாங்க."

கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்தது. பழைய காரில் பிளக்குக்குப் பொறி போவதைக் கட்டுப்படுத்துவது பாயிண்ட் என்ற சின்னக் கிடுக்கி. திறந்து மூடித் திறந்து மூடித் தேயும். கூடவே கண்டென்சர் என்று சுண்டுவிரல் அளவு உருளை ஒன்று. இன்னாசி இரண்டையும் கழற்றிவிட்டு, சுற்றும் தண்டில் ஒரு காந்த வளையத்தையும் பக்கத்தில் ஒரு கறுப்பு டப்பாவையும் பொருத்தினார். சிவப்பு வயர், கறுப்பு வயர், அவ்வளவுதான். சாவியைத் திருகியதும் எஞ்சின் இருமுவதற்கு முன்பே ஓடியது.

"ஒண்ணே ஒண்ணுங்க," என்றார் இன்னாசி. "எஞ்சின் ஓடாதப்ப சாவிய ஆன்ல வுட்டுராதீங்க. டப்பா வெந்துரும்."

"நான் என்ன கொழந்தையா?"

கொழந்தையாக இருந்திருந்தால் தேவலை. பத்திரிகை வைக்கப் போனபோது நஞ்சப்பன் வீட்டுத் தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பத்திரிகை, அதன்மேல் பழைய பாயிண்டும் கண்டென்சரும் வைத்து நீட்டினார். "இனிமே எனக்கு இது ஆவாதுங்கண்ணா. உங்க பியட்டுக்கு ஒதவும்." நஞ்சப்பனிடமும் ஒரு பழைய பியட் கார் உண்டு. அவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார். சந்திரமோகன் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

பெண் அழைப்பு நாள். ரோட்டோர முனியப்பன் கோயிலில் காருக்குப் பூஜை. அங்கிருந்து பார்த்தால் நஞ்சப்பன் வீட்டு வாசல் தெரியும். பூஜை முடியும்வரை சாவி போட்டிருக்க வேண்டும், எஞ்சின் ஓடக் கூடாது என்பது அந்தக் கோயில் வழக்கம். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்குதான் வண்டியின் கண். கண் திறந்திருந்தால்தான் முனியப்பன் பார்ப்பார். பூசாரி சொன்னார், சந்திரமோகன் சாவியைப் போட்டார். எலுமிச்சம்பழம் ஒன்று குறைந்தது. யாரோ நஞ்சப்பன் வேலியோரம் கிடந்ததை எடுத்து வந்து வைத்தார்கள்.

சும்மா ஒரு சூடம் காட்டிக் கிளம்பியிருந்தால் டப்பா பிழைத்திருக்கும். ஆனால் நஞ்சப்பன் வாசலில் அவர் பைக்கைக் காணோம். பார்க்க ஆளில்லாமல் பழிவாங்கி என்ன பயன்?

"பூசாரி, இன்னொரு சூடம்."

"ஆச்சுங்களே..."

"பூசணிக்கா ஒண்ணு சுத்துங்க. சித்தி, நீங்களும் ஆரத்தி எடுங்க. பெரியம்மா, நீங்களும் வாங்க."

காருக்குள் வியர்த்துக்கொண்டிருந்த கோகிலவாணி, "அப்பா, கல்யாணம் எனக்கா, காருக்கா?" என்றாள். மாலை போட்ட பானெட்டுக்குக் கீழே டப்பா வெந்துகொண்டிருந்தது. கடைசியில் நஞ்சப்பன் பைக் வந்து நின்றது. "கெளம்பலாம்!" என்று சந்திரமோகன் ஸ்டியரிங் பிடித்தார். கார் ஒரே திருகில் கிளம்பியது, பழங்களை நசுக்கியது, நஞ்சப்பன் வாசலுக்கு வந்தது. திட்டப்படி அணைத்தார்.

திட்டப்படி நடந்தது அதுவரைதான்.

திருகினார். மறுபடி திருகினார். வெந்த டப்பா கோயிலில் கிளம்பிய அந்த ஒரு திருகோடு உயிரை விட்டிருந்தது. சுவர்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். நஞ்சப்பன் உள்ளே போனார். வரும்போது கையில் அதே தட்டு. வெற்றிலை மட்டும் புதுசு.

"தம்பி, நீங்க குடுத்தத பத்திரமா வெச்சிருக்கேன்."

கல்யாணத்துக்கு வெள்ளைச் சட்டையில் வந்திருந்த இன்னாசி குனிந்து பழைய பாயிண்டை மாட்டினார். கண்டென்சர் செத்துப் போயிருந்தது. போன வருடம் காரை நிறுத்தியதே அதுதானாம். உடனே நஞ்சப்பன் தன் பியட்டின் பானெட்டைத் திறந்து, அதிலிருந்த கண்டென்சரைக் கழற்றி மாட்டிக்கொள்ளச் சொன்னார். வண்டி கிளம்பியது. மண்டபத்தில் இம்முறை மைக் யார் கையிலிருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே நாலு பேர் சொன்னார்கள்.

சரி, செய்வினை? நஞ்சப்பனிடமே கேட்டேன். "செஞ்சேன்னே எழுதிக்கோங்க. ஊர்ல ஒரு மரியாதை வரும்." பிறகு சிரித்தார். "அந்தப் பேச்சு எங்கிருந்து கெளம்புச்சுன்னு அவங்க வூட்ல கேட்டீங்களா?"

கேட்டேன். சந்திரமோகனின் மனைவி சசிகலா கணவரை ஒரு பார்வை பார்த்தார். "மந்திரத்தால நின்னுச்சுன்னா கௌரவங்க. சாவியப் போட்டு இவரே வேக வெச்சாருன்னா? நாந்தாங்க பால்காரம்மாகிட்ட சொன்னேன். வேறென்ன பண்றது?"

பெயர் போகவில்லை. 'வேக வெச்ச மோகன்' என்று கூடுதலாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதைவிட அவரை அரிப்பது வேறு. கல்யாணம் முடிந்ததும் புதுக் கண்டென்சர் வாங்கிக்கொண்டு நஞ்சப்பன் வீட்டுக்குப் போனார். "என்னா தம்பி அவசரம்? இருக்கட்டும்," என்று அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மறுபடி போனார். "பொறவு பாத்துக்கலாம்."

நான் போன அன்றும் அந்த பியட் பானெட்டைத் திறந்தபடி வாசலில் நின்றது. கடந்து போன ஒருவர், "என்னாண்ணா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க," என்றார் நஞ்சப்பன், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற குரலில். "தம்பி ஒரு சாமான் வாங்கிட்டுப் போனாப்ல. இன்னும் வரல."

பக்கத்து வீட்டில் சந்திரமோகன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்டென்சர் அதில்தான் இருந்தது.